நோட்டீஸில் வந்த அடுப்படி

தர்ஷனா அப்பாவுக்கு,

அக்கா வீட்டில் நலமாக இருக்கிறேன். தையல் போட்ட இடம் ஆறிவிட்டது.

நேற்று நம் பக்கத்து வீட்டுச் சரளா என்னைப் பார்க்கத் தெலுக் இந்தான் வந்தாள். கோயில் சங்கத்தில் பெண்களுக்கு ஓட்டுரிமை கூடாதென்று நீங்கள் அச்சடித்த நோட்டீஸைக் கொண்டுவந்திருந்தாள்.

"படத்தைப் பாருங்க லா அக்கா. பொம்பளைக்கு ஓட்டு குடுத்தா வீடு இப்படி நாறிப் போகுமாம்," என்றாள்.

சிங்க் நிறைய எச்சில் தட்டுகள். சட்டியில் பூஞ்சை பிடித்த சோறு. ஈ மொய்ப்பதுகூடத் தெளிவாக விழுந்திருக்கிறது. நல்ல கலர் அச்சு.

அது என் அடுப்படி. கருப்பையை எடுத்துவிட்டு நான் ஈப்போ மருத்துவமனையில் கிடந்த வாரம் அது. தர்ஷனாவும் தஞ்சோங் மாலிமில் படிக்கப் போயிருந்தாள். வீட்டில் இருந்தது நீங்களும் உங்கள் தம்பியும் மட்டும்தான். தின்று போட்டுவிட்டு, அதன் முன்னால் நின்று படம் பிடித்திருக்கிறீர்கள். பிடித்த பிறகும் ஒரு தட்டைக் கழுவவில்லை. திரும்பி வந்த அன்றே வயிற்றைப் பிடித்துக்கொண்டு நான்தான் கழுவினேன்.

இன்று சரளாவும் நானும் ஒரு நோட்டீஸை அச்சுக்குக் கொடுத்துவிட்டோம். அதே படம்தான். கீழே, "அந்த வாரம் இந்த வீட்டில் பெண்கள் யாரும் இல்லை" என்று போடச் சொன்னேன்.

"அண்ணன் பேரையும் போடலாமாக்கா?" என்று சரளா கேட்டாள். வேண்டாம் என்றேன். நம் அடுப்படியைப் பார்க்காதவர்கள் அந்தச் சங்கத்தில் யார் இருக்கிறார்கள்?

எப்போது வருவாய் என்று கேட்டிருந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்துக்கு வருகிறேன். வீட்டுக்கு இல்லை.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா