பதினாறு பொம்மைகளின் இடது கால்

அன்புள்ள நர்ஸம்மாவுக்கு,

இங்கே வீட்டில் எல்லாரும் நலம். அங்கே நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

நான் கம்ப்யூட்டரில் செய்து அனுப்பிய நடக்கும் பொம்மையைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தாய். "இதுக்கு இடது கால் வலிக்குதா?" போனில் பதில் சொன்னால் குரல் உடைந்துவிடும். அதனால்தான் கடிதம்.

வலிக்கிறது. ஸ்கூட்டரிலிருந்து விழுந்து எட்டு மாதமாகிறது, கால் சரியாகிவிட்டது என்று உன்னிடம் சொன்னது பச்சைப் பொய். உண்மை தெரிந்தால் அந்த ஊர் ஆஸ்பத்திரி ஒப்பந்தத்தைப் பாதியில் உதறிவிட்டு வந்து நிற்பாய். அதற்குப் பயந்தேன்.

உன் கேள்வி வருவதற்குள் வகுப்பிலேயே என் குட்டு உடைந்துவிட்டது. அனிமேஷன் வகுப்பில் நடை சொல்லிக்கொடுக்கும்போது, கண்ணாடிக் கதவில் என் நடையையே பார்த்துப் படங்களை எண்ணுவது என் பழக்கம். நொடிக்கு இருபத்துநாலு படம் ஓடும் என்பது கணக்கு; ஒரு காலுக்குப் பன்னிரண்டு படம், மறு காலுக்குப் பன்னிரண்டு. இந்த முறை இடதுக்கு ஒன்பதும் வலதுக்குப் பதினைந்தும் வந்தது. கூட்டினால் இருபத்துநாலு வந்ததால் எனக்கு உறைக்கவே இல்லை. பலகையில் அப்படியே எழுதிப்போட்டேன். முதலில் ஒன்று செய்து பார்த்து உனக்கும் அனுப்பிவைத்தேன், பெருமையாக.

மறுநாள் சென்டர் முதலாளி எட்டிப் பார்த்தபோது படிக்கிறவர்களின் பதினாறு திரையிலும் பதினாறு பொம்மைகள் நொண்டிக்கொண்டு போகின்றன. அவர் திரைகளைப் பார்த்தார், பிறகு என் காலைப் பார்த்தார். "மூணு மாடி, லிஃப்டும் இல்ல. கீழே ரிசப்ஷன்ல உட்காருங்க சார்," என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. சனிக்கிழமைக்குள் இந்தப் பதினாறும் ஒழுங்காக நடக்காவிட்டால் நானே கீழே வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

வீம்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, என் நடையை வைத்து இனி எண்ண முடியாதே. தையல் கடை வைத்திருக்கும் அக்கா ஒருத்தர் படிக்க வருகிறார். அவரைத் தாழ்வாரத்தில் நடக்கவிட்டுப் போனில் எடுத்து, எல்லாருமாக உட்கார்ந்து படம் படமாக எண்ணினோம். மிச்சப் பேரும் வெட்கத்தை விட்டுவிட்டு நடந்தார்கள். ஒருத்தர் நடை மாதிரி இன்னொருத்தர் நடை இல்லை. இத்தனை வருஷமாக என் ஒரு நடையை மட்டும் சொல்லிக்கொடுத்து ஒப்பேற்றியிருக்கிறேன்.

சனிக்கிழமை பதினாறும் நடந்தன. முதலாளி திரை திரையாகப் பார்த்துக்கொண்டே போனார். அடுத்த மாதத்திலிருந்து காலையில் வெப் டிசைன் வகுப்பும் எனக்கே. தினம் இரண்டு தடவை மாடி ஏற வேண்டும், ஏறுவேன். நீ திட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன், பிசியோதெரபிக்கும் வாரம் மூன்று நாள் போகிறேன்.

பழைய நொண்டிப் பொம்மையை அழித்துவிடட்டுமா என்று தையல்கார அக்கா கேட்டார். வேண்டாம் என்றேன். இப்போது அதற்குப் பக்கத்தில் உன்னைப் போட உட்கார்ந்திருக்கிறேன். முகம் வந்துவிட்டது, கொண்டை வந்துவிட்டது, நடை மட்டும் வரவில்லை. கட்டின பெண்டாட்டியின் நடையே எனக்கு மறந்துவிட்டது என்று எழுதும்போது அழுகைதான் வருகிறது.

வார்டு வராந்தாவில் யாரையாவது எடுக்கச் சொல்லி ஒரு வீடியோ அனுப்பு. என்னைப் பார்க்க ஓடிவருகிற நடை வேண்டாம், கண்ணு. வேலைக்குப் போகிற நடையை அனுப்பு.

என்றும் உன்,
நொண்டி வாத்தியார்