வருகைப் பதிவில் உங்கள் பெயர்

பித்தளைப் பலகைக்குத் தேய்த்த பாலிஷின் நெடி இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. நீங்கள் இறந்துபோன பிறகு, நேற்று மாலை எங்கள் நகரமன்றத்தில் ஒரு கூட்ட அறைக்கு உங்கள் பெயரைச் சூட்டினார்கள். உங்கள் பெயர் என்று சொல்வதே பொய். பள்ளிக்கூடத்தில் டீச்சர் உங்கள்மேல் ஒட்டவைத்த அந்த ஆங்கிலப் பெயரைப் பொறித்து, நீலத் துணி போட்டு மூடி, கைதட்டிக்கொண்டே திறந்தார்கள்.

அந்தப் பெயரின் கதையை என் வீட்டு டைனிங் டேபிளில் உட்கார்ந்துதான் சொன்னீர்கள். நீங்கள் டெக்சாஸிலேயே பிறந்த மெக்சிகோக்காரப் பிள்ளை. உங்கள் பெயர் வாயில் நுழையவில்லை என்று டீச்சர் வேறு பெயர் வைத்தார். அதைச் சொல்லிக் கூப்பிட்டால் நீங்கள் வாயே திறப்பதில்லை. முன் வரிசையில் உட்கார்ந்திருந்தவருக்கு வருடம் முழுக்க ஆப்சென்ட். "அன்னிக்கு ஆரம்பிச்ச சண்டைதான்" என்றீர்கள். பிறகு வந்த ஊர்வலம், ஜெயில், வாக்குரிமை வழக்கு எல்லாமே அந்த ஆப்சென்ட்டை அழிக்கத்தான். மெக்சிகோ வம்சத்தவரை மட்டம்தட்டும் சொல்லால், சிக்கானோ என்று உங்களை இளக்காரமாகக் கூப்பிட்டார்கள். அந்தச் சொல்லையும் பிடுங்கிச் சட்டையில் பேட்ஜாகக் குத்திக்கொண்டீர்கள்.

நான் உங்களை அறிந்தது ஃப்ரீவேக்குக் கிழக்கே இருக்கும் பழைய அபார்ட்மென்ட்டில். நாங்கள் அமெரிக்கா வந்து முதலில் குடியேறிய இடம் அது. ஜனவரிக் குளிரில் ஹீட்டர் வேலை செய்யாமல் ஓனர் கண்டுகொள்ளாமல் இருந்தபோது, கதவு கதவாகத் தட்டி எங்களைக் கூட்டத்துக்கு அழைத்தீர்கள். "கிரீன் கார்டு இன்னும் பெண்டிங்ல இருக்கு. உனக்கு எதுக்கு இந்த வம்பு?" என்றார் என் கணவர். குழந்தை குளிரில் நடுங்குவதைக் காட்டிவிட்டுக் கிளம்பினேன்.

உங்கள் கூட்டம் வருகைப் பதிவோடு தொடங்கும். இறந்துபோன தோழர்களின் பெயர்களை வாசிப்பீர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எல்லோரும் சேர்ந்து "பிரெசெந்தே" என்பார்கள். ஸ்பானிஷில் இருக்கிறார் என்று அர்த்தம். விவரம் தெரியாத நான், யாரோ தாமதமாக வருகிறார் என்று வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் "உள்ளேன் ஐயா" என்போம் என்று பிறகு சொன்னபோது சிரித்தீர்கள். "அதையே சொல்லும்மா. செத்தவங்களுக்கு எல்லா பாஷையும் புரியும்."

நேற்றும் கூட்டம்தான். பலகைத் திறப்பு, பிறகு கேக், அதற்குப் பிறகு அந்த அபார்ட்மென்ட்களை இடிக்கும் தீர்மானம். அத்தனை குடும்பங்களும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தன. பக்கத்தில் இருந்த தமிழ் அங்கிள் என் காதில் கிசுகிசுத்தார்.

"இடிச்சா நம்ம வீட்டு வேல்யூ ஏறும்மா. நீ ஏன் டென்ஷன் ஆகுற?"

"நீங்க இந்த ஊருக்கு வந்தப்போ முதல்ல எங்க தங்கினீங்க, அங்கிள்?"

"அது அப்போ" என்று போனை எடுத்துக்கொண்டார். அவரும் அங்கேதான் தங்கினார். நீங்கள் போராடி எரியவைத்த அந்த ஹீட்டர் அவருக்கும்தான் எரிந்தது.

மேயர் எழுந்தார். ஒருமுறை உங்கள் மைக்கை அணைக்கச் சொன்ன அதே ஆள். குரலைக் குழைத்து அந்த ஆங்கிலப் பெயரைச் சொல்லி, ஒரு நிமிட மௌனம் கேட்டார். உயிரோடு இருக்கையில் உங்கள் வாயை அடைத்தவர்கள், செத்த பிறகும் மௌனத்தைத்தான் தருகிறார்கள். எல்லோரும் தலைகுனிந்தார்கள். நான் குனியவில்லை. உங்கள் அம்மா வைத்த பெயரை முழுசாகச் சொல்லி, "உள்ளேன் ஐயா" என்றேன். அங்கிள் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார். காவலர் என்னை நோக்கி நடந்து வருவதற்குள் கடைசி வரிசை மொத்தமும் எழுந்து "பிரெசெந்தே" என்றது.

ஆனாலும் இடிக்கலாம் என்றே ஓட்டுப் போட்டார்கள். போட்டுவிட்டு மிச்சக் கேக்கைத் தின்றார்கள்.

உங்களை நினைத்தால் எனக்கு மனது ஆறுவதில்லை. நீங்கள் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது கோபம் ஒன்றைத்தான். அதை நான் இறக்கி வைக்கப் போவதில்லை. சனிக்கிழமை காலை அந்த அபார்ட்மென்ட் வாசலில் கூடுகிறோம், வருகைப் பதிவை நான் எடுக்கிறேன். முதல் பெயர் உங்களுடையது, உங்கள் அம்மா வைத்தது.