வாஷிங் மெஷின் மோட்டாரும் வெள்ளைக் கல்லும்

ஜூன் 3
நான் செய்த கல் அரைக்கிற மெஷின் மறுபடியும் அடைத்துக்கொண்டது. கல்லைப் போட்ட கையோடு ‘டங்’ என்று ஒரு சத்தம், பெல்ட் புகைந்தது, மோட்டார் முனகிவிட்டு நின்றது. உருளையைத் திறந்தால் சங்கிலி தண்டோடு பின்னிக்கொண்டு கிடக்கிறது. சுற்றுகிற சங்கிலி அடித்து அடித்துக் கல்லை மாவாக்கணும். அவ்வளவுதானே வேலை? அதுகூடத் தெரியாத சனியன்.

மோட்டார் எங்கள் வாஷிங் மெஷினிலிருந்து பிடுங்கியது. அதனால் என் மனைவி கையால் துவைக்கிறாள். வாயைத் திறந்து ஒன்றும் சொல்வதில்லை. துணியை அடிக்கிற அடியிலேயே எல்லாம் இருக்கிறது.

ஜூன் 5
மச்சான் வந்தான், அவள் தம்பி. ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்து, ஃபேக்டரியை மூடினால் மனுஷன் வேறு வேலை தேடுவான், மாமா கல்லுடைக்கிறாரே என்று அவளிடம் சொன்னான். என் காதில் விழணும் என்றே சொன்னான். நாக்கைப் பிடுங்கிக்கிட்டுச் சாகலாம் போலிருந்தது.

வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டியபோது கிடைத்த வெள்ளைக் கல்லில் மஞ்சள் மினுக்கம் இருந்தது. நான் கண்ணால பார்த்தேன்! தோண்டிக் குவித்த இந்தக் கல் தீரும்வரை என் மனைவி எனக்குத் தவணை கொடுத்திருக்கிறாள். அதற்குள் தங்கத்தைக் கண்ணில் காட்டாவிட்டால் மச்சானின் குடோனில் வேலைக்குச் சேரணும். தினம் அவன் முன்னால் போய் நின்று... சீ.

ஜூன் 9
சங்கிலியைக் குட்டையாக வெட்டினேன். பின்னுவது நின்றது. இப்போது தூசி. மூக்கில், சோற்றில், அவள் துவைத்துக் காயப்போட்ட துணியில்.

ஜூன் 10
பேச்சுவார்த்தை இல்லை.

ஜூன் 14
மூடிக்கு ரப்பர் ஒட்டித் தூசியை அடக்கியாச்சு. ஒன்றைச் சரி பண்ணினால் இன்னொன்று. தண்டு உருளைக்குள் நுழைகிற இடத்தில் காது கிழிகிற மாதிரி அலறுகிறது. இரும்பும் இரும்பும் உரசினால் அப்படித்தான், நடுவில் ஒரு பித்தளை புஷ் போடுங்கள் என்றார் லேத்காரர். மோதிரம் மாதிரி அழகாகக் கடைந்தும் கொடுத்தார். மாட்டினேன். சத்தம் போயே போச்சு.

ஜூன் 17
இருக்கு! இருக்கு!

மாவைத் தட்டில் போட்டுத் தண்ணீரில் அலசிக்கொண்டே வந்தேன். கடைசியில் ஓரத்தில் மஞ்சளாக ஒரு கோடு. அவளைக் கூப்பிட்டேன். ஈரக் கையோடு வந்து பார்த்தாள். உடனே தம்பிக்கு போன் போட்டாள். “என்னமோ என் புருஷனைக் கிறுக்கன்னியே. வந்து பாரு.”

எனக்காக அவள் தம்பியிடம் குரலை உயர்த்தி இதுவரை நான் கேட்டதில்லை. நிஜமாகவே கண் கலங்கிவிட்டது.

ஜூன் 18
மச்சான் பூதக்கண்ணாடியோடு வந்தான். சாப்பிடக் கூப்பிட்டும் அந்த மஞ்சள் கோட்டுத் தட்டை விட்டு எழுந்திருக்கவில்லை. எனக்கு வயிறு குளிர்ந்தது.

ஜூன் 21
காலையிலிருந்து மெஷின் கிடுகிடுவென்று உதறியது. பிரித்தேன். பித்தளை புஷ் பாதிதான் இருக்கு. கல்தூசி உள்ளே புகுந்து அறுத்துத் தின்றிருக்கிறது. மீதி எங்கே போச்சு? எங்கே போகும்... உருளைக்குள்ளதான் போயிருக்கும். அங்கேயிருந்து தட்டுக்கு.

அட மடையா! காலமெல்லாம் மெஷினோட மாரடிச்சவனுக்குப் பித்தளை எது தங்கம் எதுன்னு தெரியலையா? ஆசை கண்ணை மறைச்சிடுச்சே.

நைலான் புஷ் மாட்டி, மிச்சமிருந்த கல் முழுவதையும் அரைத்துப் பார்த்தேன். வெறும் மணலும் காக்காப்பொன்னும்.

ஜூன் 22
அவளிடம் சொல்லிவிட்டேன், அது பித்தளை என்று. அவள் அந்த மஞ்சள் கோட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் தேவலை. முகம் விழுந்துபோச்சே, அதைத்தான் தாங்க முடியல.

“சரி. மோட்டாரைக் கழட்டி வாஷிங் மெஷின்ல மாட்டுங்க” என்றாள். கதவுவரை போய்த் திரும்பினாள். “தம்பிகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீங்க வாயத் திறக்காதீங்க.”

ஜூன் 25
வாஷிங் மெஷின் ஓடுகிறது. குடோனில் சேர்வதற்காக இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வாசலில் மச்சான் நிற்கிறான். தோளில் ஒரு பெரிய மோட்டார். வண்டியில் மூட்டை மூட்டையாகக் கல், குடோனுக்குப் பின்னால் அவனே தோண்டினதாம்.

“மாமா, குடோன் வேலை எங்க ஓடிப்போகுது? மொதல்ல இதை அரைங்க. ஆளுக்குப் பாதி.”

அப்படியென்றால் பித்தளை விஷயத்தை அவள் இவனிடம் சொல்லவே இல்லை! நானே சொல்லிவிட வாயைத் திறந்தேன். அவளைப் பார்த்தேன். கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

“ஏண்டா அதைத் தூக்கிக்கிட்டு நிக்கிற? ஷெட்ல கொண்டு போய் வை” என்றாள்.

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போய் ஷெட்டைத் திறந்துவிட்டேன்.