அப்பா சொன்ன சரி

அன்புக் குட்டிம்மாவுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று எண்ணிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் சொன்னால் நடுவில் நீ சிரிப்பாய், இல்லையென்றால் அழுவாய், இரண்டில் எது என்று எனக்கே நிச்சயமில்லை, அதனால் முழுவதையும் ஒரே மூச்சில் சொல்லிவிட எழுதுகிறேன். உன் அப்பா முடி வெட்டிக்கொள்ளப் போயிருக்கிறார். பாஷை தெரியாத ஊரில் ஒருவரிடம் தலையைக் கொடுத்துவிட்டு என்ன கோலத்தில் வரப் போகிறாரோ தெரியாது. ஓட்டல் அறையில் ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன், கீழே டிராம் போகும்போதெல்லாம் மேஜை ஆடுகிறது, எழுத்து கோணலாக இருந்தால் கை நடுங்குகிறது என்று கவலைப்படாதே. வீட்டைச் சித்தி பார்த்துக்கொள்கிறாள், பக்கத்து வீட்டுப் பூனை நம் பால்கனியில் குட்டி போட்டுவிட்டதாம், நாங்கள் திரும்புவதற்குள் குட்டிகளுக்குப் பெயரே வைத்துவிடுவாள் போலிருக்கிறது.

நீ உன் சம்பளத்தில் எடுத்துக் கொடுத்த இந்தப் பயணத்தில் ஒரு குறையும் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். குறை எல்லாம் நாங்கள் கூடக் கொண்டுவந்ததுதான். விமான நிலையத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டிக்கொண்டே எத்தனை நாள் தங்கப் போகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். உன் அப்பா நெஞ்சை நிமிர்த்தி அறுபத்து நாலு என்றார். நாளா என்று அதிகாரி கேட்க, இவர் வருஷம் என்றார். வயதைக் கேட்கிறார் என்று நினைத்துவிட்டாராம். நான் குறுக்கே புகுந்து திரும்பும் டிக்கெட்டைக் காட்டியிராவிட்டால் வாசலோடு அனுப்பியிருப்பார்கள். கேட்டதற்குக் கண்ணாடி தடுத்துவிட்டது என்று காரணம் சொன்னார், நானும் நம்பினேன். வீட்டில் டிவி அலறுவதை அச்சகத்துப் பழக்கம் என்று நம்பிக்கொண்டிருந்தவள்தானே நான். கூப்பிட்டால் திரும்பாததை ரிட்டையர் ஆன திமிர் என்று நம்பினேன். அவர் காலமெல்லாம் அச்சு இயந்திரங்களின் இரைச்சலில் நின்றவர், நானோ ஆஸ்பத்திரி டெலிபோன் போர்டில் உட்கார்ந்து நோயாளி எழுந்துவிடாமல் மெல்லப் பேசியே பழகியவள். எங்கள் குடித்தனத்தில் நான் பேசியதில் பாதி அவரிடம் போய்ச் சேரவே இல்லை என்பது இந்தப் பயணத்தில்தான் தெரிந்தது. மீதிப் பாதிக்கும் அவர் சரி என்றுதான் சொல்லியிருக்கிறார்.

பெரிய நகரத்தில் எங்களை அழைத்துப்போன வழிகாட்டிப் பெண் ஒரு சிவப்புக் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பாள், அந்தக் குடையை விட்டு விலகக் கூடாது என்பது உத்தரவு. உன் அப்பா விலகவே இல்லை, ஆனால் அது வேறு குடை. சதுக்கத்தில் இன்னொரு கூட்டமும் சிவப்புக் குடையோடு வந்திருக்கிறது, இவர் அவர்களோடு போய்விட்டார். அவர்கள் எல்லாரும் எங்கோ தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். இவர் அவர்களோடு கோபுரம் ஏறி, படகில் போய், அவர்கள் வாங்கிக் கொடுத்த மதியச் சாப்பாட்டையும் சாப்பிட்டு, கேட்டதற்கெல்லாம் தலையாட்டியிருக்கிறார். எங்கிருந்தோ வந்த பழைய சக ஊழியர் என்று ஆளுக்கு ஆள் நினைத்துக்கொண்டு இவருக்கு நடு நாற்காலி கொடுத்துப் படமும் எடுத்துக்கொண்டார்கள். நான் இங்கே தெருத் தெருவாகத் தேடுகிறேன். கடைசியில் டிராம் நிறுத்தத்துக்கு எதிர்ப் பக்கம் நிற்பதைப் பார்த்தேன். கூப்பிட்டேன், திரும்பவில்லை. போன் போட்டேன். அவர் சட்டைப் பையில் போன் அடிப்பது தெருவுக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கிறது குட்டிம்மா, பக்கத்தில் நின்ற பெண்கூட இவரைத் திரும்பிப் பார்க்கிறாள், இவர் மட்டும் ஒரு கடையின் கண்ணாடியில் வைத்திருந்த தொப்பிகளை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கிறார். எனக்கு வந்த கோபம் அந்த இடத்திலேயே காணாமல் போயிற்று. தெருவைத் தாண்டிப் போய்த் தோளைத் தொட்டதும் அவர் என்னைத்தான் திட்டினார், எங்கே தொலைந்து போனாய், எத்தனை நேரம் தேடுவது என்று. காதைப் பற்றிப் பேச்சை எடுத்தேன். போனில் ஏதோ கோளாறு, ஊருக்குப் போய் மாற்றலாம் என்று முடித்துவிட்டார்.

அதற்கப்புறம் மலைக்குப் போனோம். மரத்தால் கட்டிய விடுதி, ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வருகிறது, எல்லாம் அழகு, கட்டிலைத் தவிர. புரண்டால் கிறீச்சென்று கத்துகிறது, நடுவில் பள்ளம், இரண்டு பேரும் உருண்டு அதில் போய்ச் சேர்ந்தோம். காலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சாப்பிட வந்தவர் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னார்: “நம்ம பொண்ணாவது நல்ல கட்டிலா வாங்கட்டும். போன மாசம் போன்ல சொன்னாளே, கட்டில் வாங்கப் போறேன்னு.” நான் குடித்த காபி மூக்கில் ஏறிவிட்டது. நீ போன மாதம் அவரிடம் போனில் ஒன்றே ஒன்றுதான் சொன்னாய், அது என்ன என்று உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். அப்பா, நான் ஒருத்தரைக் கட்டிக்கலாம்னு இருக்கேன் என்று சொன்னாய். அதற்கு அவர் “சரி சரி, பளபளப்பப் பாத்து மயங்கிடாதம்மா, உறுதியா இருக்கான்னு பாத்துக்க, ஆயுசுக்கும் தாங்கணும்” என்று சொல்லிவிட்டு என்னிடம் போனைக் கொடுத்தார். நீ அழுதாய். அப்பா இவ்வளவு அழகாகப் பேசி நான் கேட்டதே இல்லை, ஒரு கேள்வி கேட்கவில்லை, ஒரே வார்த்தையில் என்னைப் புரிந்துகொண்டார் என்று விசும்பினாய். எனக்கும் ஆச்சரியம்தான். வேற்று பாஷைக்காரர், அதிலும் மாட்டுக்கும் குதிரைக்கும் வைத்தியம் பார்க்கிறவர், இந்த மனிதர் எப்படி ஒரே நொடியில் ஒப்புக்கொண்டார் என்று மலைத்துப்போனேன். அச்சகத்து நண்பரின் மகனுக்கு உன்னைக் கொடுப்பதாக அவர் அரைகுறையாக வாக்குக் கொடுத்து வைத்திருந்ததும் எனக்குத் தெரியும். ஒப்புக்கொண்ட மனிதரைக் கிளறிவிடக் கூடாது என்று ஒரு மாதமாக நானும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் பார்த்தால் அந்த ஆசீர்வாதம் முழுக்கக் கட்டிலுக்குப் போயிருக்கிறது. நீயோ மாப்பிள்ளை வீட்டிலும் சொல்லி, அவர்கள் நாள் பார்க்கிற அளவுக்கு விஷயம் வந்துவிட்டது.

சொல்லித்தானே ஆக வேண்டும். காட்டுப் பாதையில் நடக்கும்போது சொன்னேன், ஆமா நல்ல காத்து என்றார். நீர்வீழ்ச்சி பக்கத்தில் சொல்லப் பார்த்தேன், அங்கே எனக்கே நான் பேசியது கேட்கவில்லை. மறுநாள் ஏரிக்குக் கூட்டிப் போனார்கள். நாணல் காட்டுக்கு நடுவில் எங்கிருந்தோ பறந்து வந்த வெள்ளைப் பறவைகள் ஆயிரக்கணக்கில் இறங்கியிருக்கின்றன, துடுப்புப் படகில் மெல்லப் போய்ப் பார்க்க வேண்டும், ஒருவரும் வாய் திறக்கக் கூடாது என்று படகோட்டி உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். எங்களோடு இருந்தவர்கள் எல்லாம் முழங்கை நீளக் கேமராவோடு மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அப்போதுதான் உன் அப்பா, தான் ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு, படகே திரும்பிப் பார்க்கும்படி என்னிடம் கேட்டார், நேற்றிலிருந்து ஏன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாய் என்று. படகோட்டி முறைத்தார். நான் காதோரம் குனிந்து, அவள் வாங்குவது கட்டில் இல்லை என்றேன். என்ன, மெத்தையா என்றார். இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். கட்டில்தான் தெரியுமே, அதுக்கு ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க என்றார். எனக்குள் என்ன புகுந்தது என்று தெரியாது, வாழ்நாளில் குரல் உயர்த்தாத நான் படகில் எழுந்து நின்று கத்திவிட்டேன்: “கட்டில் இல்லீங்க, கல்யாணம். நம்ம பொண்ணு கல்யாணம் பண்ணிக்கப் போறா.”

ஏரி முழுக்க ஒரே நேரத்தில் எழும்பிற்று. வானம் தெரியவில்லை, சிறகுச் சத்தத்தில் படகு ஆடுகிறது, கேமராக்கள் எல்லாம் படபடவென்று அடிக்கின்றன. படகோட்டி துடுப்பை மடியில் போட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். படம் எடுத்தவர்களுக்கோ அப்படி ஒரு காட்சி காசு கொடுத்தாலும் கிடைக்காதாம், என் முதுகைத் தட்டிக் கொடுத்தார்கள், ஒருவர் தன் தெர்மாஸிலிருந்து எனக்கு டீ ஊற்றிக் கொடுத்தார். பறவைகளுக்கு நான் செய்த பாவம் தனி, அதை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது. உன் அப்பா மட்டும் மேலே பார்க்கவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். யாருக்கு என்று கேட்டார். நம் பெண்ணுக்கு என்றேன். முழுக் கதையையும் சொன்னேன், இனி குரலை அடக்கி என்ன பயன், அந்தப் படகில் உன் காதல் கதை தெரியாதவர் யாரும் இல்லை, நல்ல வேளை பாஷைதான் தெரியாது. கரை வந்து இறங்கியதும் அவருக்குக் கோபம் வந்தது. முகமெல்லாம் சிவந்து, அச்சகத்து நண்பருக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று ஆரம்பித்து, “யாரக் கேட்டு அவ முடிவு பண்ணா?” என்றார்.

“உங்களத்தான் கேட்டா” என்றேன்.

அவ்வளவுதான் குட்டிம்மா. படகுத்துறைப் பலகையில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் பக்கம் திரும்பிச் சொன்னார், “அவ அவ்ளோ பெரிய விஷயத்தத் தைரியமா வந்து எங்கிட்ட சொல்லியிருக்கா. நான் மரச்சாமானுக்குப் பதில் சொல்லியிருக்கேன்.” அவர் கண் கலங்கி நான் பார்த்தது அபூர்வம். அப்புறம்தான் மெல்ல மெல்ல வெளியே வந்தது, ஒன்றிரண்டு வருஷமாகவே போனில் உன் குரல் அவருக்குக் கொசு ரீங்காரம் மாதிரிதான் கேட்கிறதாம், திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னால் கிழவன் ஆகிவிட்டான் என்று நினைப்பாய் என்று எல்லாவற்றுக்கும் சரி சரி என்று சொல்லி என்னிடம் போனைத் தள்ளிவிடுவாராம். நீ எத்தனை முறை என்னிடம் கேட்டிருக்கிறாய், வேலைக்காக நான் இவ்வளவு தூரம் வந்துவிட்டதில் அப்பாவுக்கு என்மேல் வருத்தமா, ஏன் இரண்டு வார்த்தைக்கு மேல் பேச மாட்டேன் என்கிறார் என்று. அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை கண்ணே. கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மலையிலிருந்து இறங்கி இந்த ஊருக்கு வந்த மறுநாள் காலை நான் குளித்துவிட்டு வந்தால் ஆளைக் காணோம். மறுபடியும் குடையா என்று பதறிப்போய்க் கீழே ஓடினால், தெருமுனையிலிருந்து நடந்து வருகிறார், காதில் என்னவோ மாட்டியிருக்கிறது. மூக்குக் கண்ணாடிக் கடையில் காதுக் கருவியும் விற்கிறார்களாம், இவராகவே உள்ளே போய்க் காதைக் காட்டி, கையை விரித்துக் காட்டி, அவர்களும் சோதித்துப் பார்த்து, மாட்டிக்கொண்டு ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பியிருக்கிறார்கள். நான் ஏதாவது நல்ல வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். நீ மூச்சு விட்டால் விசில் அடிக்கிறது தெரியுமா என்றார். ஊர் திரும்பியதும் நல்லதாக ஒன்று வாங்கிக்கொள்வதாகச் சொல்லிக் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், அதுவரை என் பாடுதான், என் தொண்டை இப்போது ஏலம் விடுகிறவர் தொண்டை மாதிரி ஆகிவிட்டது, காலையில் வெந்நீர் குடித்தால்தான் திறக்கிறது.

மாப்பிள்ளை விஷயத்தில் அவர் நிலையையும் உள்ளபடி சொல்லிவிடுகிறேன். நான் இன்னும் சரின்னு சொல்லல, ஞாபகம் வச்சுக்க என்று காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை சொல்கிறார். நேற்று ஒரு துணிக்கடையில் நுழைந்து, அந்த வைத்தியர் என் உயரம் இருப்பாரா, தோள் அகலமா என்று விசாரித்தார். நீ அனுப்பிய படத்தைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, மறுபடியும் கழற்றிப் பார்த்துவிட்டு, சாம்பல் நிறத்தில் ஒரு ஸ்வெட்டர் எடுத்தார். இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். கொட்டகையில் குளிரில் நின்று மாட்டுக்கு வைத்தியம் பார்க்கிற மனுஷன், அவ்வளவுதான், நான் இன்னும் சரின்னு சொல்லல என்றார். அச்சகத்து நண்பருக்கு இங்கிருந்தே அவராகப் போன் போட்டுச் சொல்லியும்விட்டார், அந்தப் பக்கத்திலிருந்து என்ன பதில் வந்தது என்றுதான் அவருக்குக் கேட்கவில்லை.

இதையெல்லாம் உனக்கு எழுதச் சொன்னதே அவர்தான், தானே சொல்ல வெட்கமாக இருக்கிறதாம். ஆனால் ஒன்று கேட்டிருக்கிறார். நாங்கள் வீடு போய்ச் சேர்ந்து காதுக்குக் கருவி வந்ததும் தகவல் சொல்கிறேன், அப்போது நீ அவருக்கு நேராகப் போன் செய்து, என்னிடம் முதலில் பேசாமல், முதல் தடவை சொல்வது போலவே எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டும். உன் வாயால் கேட்க வேண்டுமாம். அதுவரை மாப்பிள்ளை வீட்டில் நாள் குறிப்பதைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல், பக்குவமாகச் சொல், பயமுறுத்தாதே. போனில் மென்று முழுங்காமல் நிதானமாகப் பேசு. இந்தத் தடவை சட்டென்று சரி சொல்லிவிட மாட்டார், நாலு கேள்வி கேட்பார், அதில் ஒன்றிரண்டு உன்னைச் சுடவும் சுடும். தயங்காமல் பதில் சொல். அவர் கேள்வி கேட்கிறார் என்றால் நீ சொன்னது அவருக்குக் கேட்டிருக்கிறது.

படியில் காலடிச் சத்தம் கேட்கிறது, தலை எந்தக் கோலத்தில் இருந்தாலும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்லப் போகிறேன், சத்தமாகவே சொல்கிறேன். காலையில் சாப்பிடாமல் வேலைக்கு ஓடாதே, ஈரத் தலையோடு வெளியே போகாதே. நீயும் உன் மனதுக்குப் பிடித்தவரும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும் என்று இந்தத் தூரத்திலிருந்து கை உயர்த்தி வாழ்த்துகிறேன்.

உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா