இருபதாம் தேதியும் வளைந்த வால்வும்

மார்ச் 3

என் கோபக்காரிக்கு,

நான் நலம் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். பழைய காரின் இன்ஜினை முழுக்கப் பிரித்துவிட்டேன். இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைச் சீவியதில் அதன் உயரம் குறைந்துவிட்டது. வால்வு இறங்கும்போது பிஸ்டனில் இடிக்குமா என்று பார்க்க வேண்டும். பிஸ்டன் தலையில் களிமண் ஒட்டி, ஹெட்டை மாட்டி, இன்ஜினைக் கையால் சுற்றி, களிமண்ணில் தடம் விழுகிறதா என்று பார்ப்போமே, அதேதான். நீதான் சுற்றிக்கொண்டே, "ஒண்ணு... ரெண்டு... போதும்" என்று எண்ணுவாய். பக்கத்து வீட்டுத் தையல்காரர் உதவிக்கு வந்து, மாவாட்டுகிற வேகத்தில் சுற்றினார். கும்பிட்டு அனுப்பிவிட்டேன்.

ஷெட்டில் நீ இல்லாதது தாங்கவில்லை.

உன்
கிரீஸ்கை

மார்ச் 9

கிரீஸ்கைக்கு,

இரண்டு வருஷம் கழித்து, இன்ஜின் சுற்ற ஆள் வேண்டும் என்றதும் என் ஞாபகம் வந்ததாக்கும்! நான் இந்த ஊருக்கு வேலைக்குக் கிளம்பிய அன்று போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை, ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். ஆனாலும் கடிதத்தை நாலு தடவை படித்தேன்.

ஆஸ்பத்திரியில் என்னை நிரந்தர நர்ஸாக்குகிறார்கள். இருபதாம் தேதிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் ஐந்து வருஷம் இங்கேதான். அதற்குள் நீங்கள் வந்து, "வா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போட மாட்டேன். மானத்தை விட்டு எழுதுகிறேன்.

கோபக்காரி

மார்ச் 16

கண்ணே,

அந்தக் காரிலேயே வந்து உன்னை ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று சோறு தண்ணீர் மறந்து உழைத்தேன். களிமண்ணில் கீறல்கூட விழவில்லை. சந்தோஷமாக இன்ஜினை மூடி ஸ்டார்ட் செய்தால், வால்வு பிஸ்டனில் இடித்து வளைந்துவிட்டது. களிமண் வைத்துப் பார்த்தபோது ஒரே சுற்றோடு நிறுத்தியிருக்கிறேன்! அடுத்த சுற்றில்தான் அவை இரண்டும் நெருங்கும். எண்ணுவது எப்போதும் உன் வேலை. எனக்கு அந்தப் பழக்கமே இல்லை.

புது வால்வு வர மூன்று வாரமாகும். எப்படியாவது தவணை கேள். வெறுங்கையோடு உன் முன்னால் நிற்க வெட்கமாக இருக்கிறது.

உன்னவன்

மார்ச் 21

உங்களுக்கு,

நேற்றுக் காலையே கடிதம் வந்துவிட்டது. படித்த பிறகும் மனசு கேட்காமல் பஸ் நிலையத்தில் போய் உட்கார்ந்தேன். நம் ஊரிலிருந்து நாலு பஸ் வந்தது. நாலிலும் கடைசி ஆள் இறங்கும்வரை பார்த்தேன். கண்டக்டர் ஒருவர், "யாரும்மா வரணும்?" என்றார். "வீட்டுக்காரர்" என்றேன்.

உங்களைத்தானே வரச் சொன்னேன்? காரை யார் கேட்டது? ஐந்து மணிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

உங்களைப் பார்க்க இன்னும் ஆசையாகத்தான் இருக்கிறது. அதனால், வண்டி சரியானாலும் வராதீர்கள்.