படகிலிருந்து கடைசியாக இறங்கியவன்

பக்கத்து வீட்டில் இன்று ஜன்னல்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். காலையிலிருந்து டர்பன்டைன் வாசனை. துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீ வந்து அறைக்குள் நிற்பதுபோல் இருந்தது. நீ கண்ணை மூடி மூன்று வருடமாகிறது.

பனியன் கம்பெனியில் சிநேகிதிகளானோம்; நான் செக்கிங்கில், நீ பிரிண்டிங்கில். குழந்தைகள் சட்டைக்கு யானையும் நிலாவும் வரைவாய். வேலையை விட்ட பிறகு அனுப்பர்பாளையத்தில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே ஹால் பிடித்து, உனக்கென்று வரைந்தவற்றையெல்லாம் மாட்டி, வாசலில் 'ஓவியக் கூடம்' என்று எழுதிவைத்தாய். ஓவியம் பார்க்க யாரும் வரவில்லை. "படம் போட்டா வருவாங்க புள்ள" என்றாய்.

வந்தார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சினிமா. ஜன்னல்களில் கறுப்புப் பனியன் துணி கட்டியிருப்பாய். வெயில் அதன் பின்னல் துளைகளில் புகுந்து சுவரெல்லாம் புள்ளி புள்ளியாக நீந்தும். உன் ஓவியங்களில் உடுமலைக் காற்றாலைகள் கடலுக்குள் நின்று சுழன்றுகொண்டிருக்கும். படம் தொடங்கும் முன்பே நாங்கள் பாதி உறக்கத்துக்குப் போய்விட்டதுபோல் இருக்கும்.

அன்றைய படம் எங்கோ ஒரு தீவில் நடந்தது. அந்த மொழி எங்கள் யாருக்கும் தெரியாது. நீ முந்தின நாளே பார்த்து வைத்துக்கொண்டு, ஓரமாக நின்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே வந்தாய். தம்பி கோபித்துக்கொண்டு படகேறிப் போய்விடுகிறான். அக்கா வாராவாரம் துறைக்கு வந்து நிற்கிறாள். கடைசியில் பனிக்குள்ளிருந்து ஒரு படகு வந்தது. அப்போது பார்த்துக் கரண்ட் போய்விட்டது.

என் தம்பி அப்பாவோடு சண்டை போட்டு வீட்டை விட்டுப் போய் அப்போது இரண்டு வருடம். சூரத்தில் இருக்கிறான் என்று அவன் சிநேகிதன் ஒரு போன் நம்பர் கொடுத்திருந்தான். அப்படி யாரும் இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் ஆறு மாதமாக நான் கூப்பிடவே இல்லை. இதை உன்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

இருட்டில் எங்கள் கம்பெனி கட்டிங் மாஸ்டர் கேட்டார். "ஏனுங்க, அந்தத் தம்பி வர்றானுங்களா, இல்லீங்களா?"

நீ உடனே பதில் சொல்லவில்லை. பிறகு திரைக்கு முன்னால் வந்து நின்றாய்.

"வர்றானுங்க. எல்லாரும் எறங்கிப் போயிடறாங்க. அக்கா திரும்பி நடக்கறா. அப்பத்தான் தாடியோட கடைசியா ஒருத்தன் எறங்கறான். அவளுக்கு அடையாளமே தெரியல. 'ஊட்ல என்னக்கா சோறு?'ன்னு கேக்கறான். அவ்வளவுதானுங்க படம்."

யாரோ விசும்பினார்கள். நான்தான்.

மறுநாள் டீ நேரத்தில் எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன். இந்தியில் யாரோ எடுத்தார். தம்பியின் பெயரை மட்டும் மூன்று தடவை சொன்னேன். வெகுநேரம் கழித்து அவன் குரல்.

"வந்தா அப்பா ஊட்டுக்குள்ள உடுவாராக்கா?"

"நீ மொதல்ல வாடா கண்ணு."

அடுத்த வாரம் வந்தான். அப்பா பேசவில்லை. ஆனால் சாப்பிடும்போது அவன் தட்டில் தன் கையால் இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.

அடுத்த மாதம் கட்டிங் மாஸ்டர் மிச்சப் படத்தையும் போடச் சொன்னார். சி.டி.யில் கீறல் விழுந்துவிட்டது என்றாய். நாங்கள் நம்பினோம்.

போன மாதம் உன் கணவர் உன்னுடைய சி.டி.க்களையெல்லாம் என்னிடம் கொடுத்தார். அந்தப் படத்தைத் தேடி எடுத்துப் போட்டேன். கீறல் எதுவும் இல்லை. படகு வருகிறது. எல்லோரும் இறங்கிப் போகிறார்கள். அக்கா திரும்பி நடக்கிறாள். பிறகு வெறும் கடல்தான், வெகுநேரத்துக்கு.

கொஞ்ச நேரம் உன்மேல் கோபம்கூட வந்தது. சூரத்தில் அவன் இல்லாமல் போயிருந்தால் என்னை என்ன செய்திருப்பாய்? பதில் சொல்லாமல் நின்றாயே, அந்தக் கணத்தில் நீயும் இதைத்தான் நினைத்துப் பயந்தாயா? நினைத்தும்தான் அந்த முடிவைச் சொன்னாயா?

நேற்று தம்பி மகள் கதை கேட்டாள். எனக்கு அந்தத் தீவுக் கதைதான் வந்தது. பனிக்குள்ளிருந்து படகு வந்ததும் என்னை அறியாமல் நிறுத்திவிட்டேன். அவள் என் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"வந்துட்டானா அத்தே?"

"பொறு கண்ணு," என்றேன். "இன்னும் ஒருத்தர் எறங்கோணும்."