ஏழாம் படத்தில் உன் குரல்

அன்புள்ள சாபிராவுக்கு,

ஸலாம். ஷார்ஜாவில் நான் சுகம். அத்தாவின் கண்ணுக்குத் தவறாமல் மருந்து ஊற்றுகிறாயா?

ஏலக்காய் பொறுக்கும் பெண்களின் படத்தைப் பற்றிப் பேசி அனுப்பினாயே, நான் காவல் பார்க்கும் ஓவியக் கூடத்தில் அதைப் போட்டுவிட்டார்கள். வரிசையில் அது ஏழாம் படம். படத்துக்குப் பக்கத்தில் உள்ள க்யூஆர் ஸ்டிக்கரை ஸ்கேன் செய்தால் போனில் உன் குரல் வரும். குரல் கொடுக்க ஆள் வைக்க வசதியில்லாமல் இங்கே வேலை பார்க்கும் எங்கள் வீடுகளிலிருந்தே வாங்கிக்கொண்டார்கள். இலவச ஆப்பில் பத்துக் குரலுக்குத்தான் இடம். மாதக் கடைசியில், குறைவாகக் கேட்கப்பட்டதை எடுத்துவிடுவார்கள்.

உன்னுடையதை எடுக்கவில்லை. நாற்பத்தொரு முறை ஓடியிருக்கிறது. தமிழர்களுக்கு ஓவியத்தில் இத்தனை ஆர்வமா என்றார் மேலாளர். நாற்பது முறை கேட்டது நான்தான் என்று சொல்லவில்லை. ரோந்தில் அந்தப் பக்கம் போனால் கை தானாக ஸ்கேன் செய்கிறது. அழுகையெல்லாம் வருவதில்லை.

"பச்சையா உருண்டு இருக்கறத ஒரு தட்டுல போடுவாக. வாய் பொளந்தத தனியாப் போடுவாக. போதுமா? அடுப்புல பால் இருக்கு." அத்தோடு முடிந்துவிடும்.

லீவில் ஊருக்கு வந்திருக்கும் என் அறைக்காரன் தௌபீக் கம்பத்திலிருந்து இங்கே திரும்பும்போது இரண்டு கைலி கொடுத்தனுப்பு. அடுத்த படத்துக்குப் பேசினால் சட்டென்று நிறுத்திவிடாதே.

மீதி ஒரு முறை கேட்டது யாரென்று தெரியவில்லை. பார்வையாளர் நோட்டில் தமிழில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: "அக்கா, பால் பொங்கிருச்சா?"

நாற்பது முறை கேட்டும் எனக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை, சாபிரா.

வேலைக்குக் கூட்டிப்போக வண்டிக்காரன் வந்து ஹாரன் அடிக்கிறான். பொங்கிவிட்டதா?

நௌஷாத்